பக்கத்து வகுப்பு டீச்சர்

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் உங்கள் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்கலாம்தான். ஆனால் நீங்கள் "சொல்லு சிட்டு" என்று ஆரம்பித்த மறு நிமிடமே அண்ணன் போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். நாம் பேசினதாகவே இருப்பதில்லை. அதனால்தான் கடிதம். நீங்களும் கடிதமே எழுத வேண்டும்.

ஒரு தையல் கடையின் மாடியில் அறை கிடைத்திருக்கிறது. நான் நடந்தால் தரை அதிர்கிறதா, கீழே மிஷின் ஓடுவதால் அதிர்கிறதா என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வேலையைச் சொல்கிறேன். இதுவரை ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்துவிட்டு அன்று மாலையே ரயில் ஏறிவிடுவேன். நான் சொன்னதை யார் செய்தார்கள், யார் மறந்தார்கள் என்று பார்த்ததே இல்லை. இந்த ஆண்டு எங்கள் அலுவலகம் என்னை ஒரே பள்ளியில் போட்டிருக்கிறது. ஒரே ஒரு புதுப் பழக்கத்தை ஆசிரியர்கள் கைக்கொள்ள வேண்டும், பாதியில் விடாமல் தொடர வேண்டும். அதற்கு நான் ஆண்டு முழுக்கக் கூடவே இருக்க வேண்டும்.

பழக்கம் எளியதுதான். கேள்வி கேட்டால், கை தூக்குகிற நாலு பிள்ளைகளிடம் பதில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு சிலேட்டில் விடை எழுதுவார்கள். "தூக்கு" என்றதும் அத்தனை சிலேட்டும் தலைக்கு மேலே. யாருக்குப் புரியவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த பாடம்.

முதல் நாள் எல்லாருக்கும் விளக்கினேன். முடிந்ததும் என்ன கைதட்டல் தெரியுமா? விளையாட்டுச் சாமான் அறையில், பந்துக் கூடைகளுக்கு நடுவே எனக்கு மேசையும் போட்டுக் கொடுத்திருக்கிறார் தலைமையாசிரியை. நல்ல சகுனம்தானே?

உங்கள் வகுப்பு எப்படிப் போகிறது? எழுதுங்கள்.

பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
சிட்டு


ஆகஸ்ட் 17

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுது. உன் அண்ணன் பல் பிடுங்கிட்டு வந்து மூணு நாளா வாய் திறக்கலை. வீடு ரொம்ப நிம்மதியா இருக்கு.

உன் கடிதத்தைப் படிச்சுட்டுச் சிரிச்சேன். கோவிச்சுக்காதே. நான் இருபத்திரண்டு வருஷமா வாத்தியார் வேலை பார்க்கிறேன். உன் சிலேட்டு எனக்கு ஏழாவது புதுமை. ஒரு வருஷம் கலர் அட்டை வந்துச்சு. ஒரு வருஷம் எல்லாப் பாடத்தையும் பாட்டாப் பாடச் சொன்னாங்க. எனக்கு இருக்கிற குரலுக்கு நான் பெருக்கல் வாய்ப்பாடு பாடி, பக்கத்து வகுப்புல இருந்து ஆள் வந்து யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேட்டாங்க. எல்லாம் ஒரு வருஷத்துக்குள்ள அலமாரிக்குள்ள போயிடுச்சு.

கைதட்டினாங்கன்னு குளிர்ந்து போகாதே. கைதட்டினா பேசறவங்க சீக்கிரம் முடிப்பாங்கன்னு எங்களுக்கெல்லாம் தெரியும்.

என் வகுப்பைப் பத்தி எழுத ஒண்ணுமில்லை. நடக்குது.

மிஷின் சத்தத்துல தூக்கம் வருதா? காதுல பஞ்சு வச்சுக்கோ. உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுத ஆசை. உடம்பு நலம்தான். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் ஏங்குகிறேன்.

நீங்கள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. ஐந்து வாரமாக ஒவ்வொரு வகுப்பிலும் பின்னால் உட்கார்ந்து கவனிக்கிறேன். அலுவலகம் பதினாலு கட்டம் போட்ட தாள் கொடுத்திருக்கிறது. ஐந்து எண்ணினாரா, சிலேட்டு தலைக்கு மேல் போனதா என்று வரிசையாக டிக் போட வேண்டும். எல்லா வகுப்பிலும் எல்லாம் நடந்தது. நானும் டிக் போட்டுக் குவித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை குடிநீர்க் குழாய் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம், "சிலேட்டுல எழுதறது பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். அவள் ரொம்பப் பெருமையாக, "பிடிக்கும் மிஸ். ஆனா நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தானே குடுப்பாங்க? உங்க செருப்புச் சத்தம் கேட்டா நான்தான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் குடுப்பேன்" என்றாள்.

அண்ணி, நான் அந்தக் குழாயடியிலேயே நின்றுவிட்டேன்.

நடிக்கக்கூட மாட்டேன் என்று நேராகச் சொன்னவர் ஒருவர்தான், கணக்கு சார். வகுப்பில் புலி. பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். சிலேட்டு என்றால் மட்டும் முகம் சுண்டிவிடும். "மேடம், உங்க தாள்ல நிறைய கட்டம் இருக்கு. எனக்கு எல்லாத்துலயும் பெருக்கல் குறி போட்டுக்குங்க. எனக்குப் பாடம் நடத்தணும்" என்கிறார்.

இப்படியே போனால் நான் இருக்கும்வரை செருப்புச் சத்தத்துக்குச் சிலேட்டு வரும். நான் போன மறுநாள் அது அலமாரிக்குள் போகும். என்ன செய்வது என்றே தெரியவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, சீக்கிரம் எழுதுங்கள்.

சோர்ந்து போன,
சிட்டு


செப்டம்பர் 20

அன்புள்ள சிட்டுவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். முதல்ல நல்லாச் சாப்பிடு, அப்புறம் இதைப் படி.

திட்டச் சொன்னியே, திட்டறேன். நான் அடுப்படியில நிக்கும்போது யாரோ ஒரு பொண்ணு பின்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து, உப்பு எவ்வளவு போட்டேன், எத்தனை தடவை கிண்டினேன்னு நோட்டுல எழுதிட்டே இருந்தா நான் என்ன பண்ணுவேன்? அவளுக்குப் பிடிச்ச மாதிரி கிண்டிட்டு, அவ போனதும் என் இஷ்டத்துக்குச் சமைப்பேன். யாராவது பின்னாடி உக்காந்து எழுதினா எனக்குக் கழுத்தே அரிக்கும். என்னத்தை எழுதறாங்களோன்னு பாடமே ஓடாது.

நீ ஐந்து வாரமாக் கவனிச்சே, சரி. ஒரு ஆள்கிட்டயாவது "உங்களுக்கு வகுப்புல எது கஷ்டமா இருக்கு?"ன்னு கேட்டியா? அந்த நோட்டை மூடு. எழுதினே ஆகணும்னா, எழுதினதை முதல்ல அவங்ககிட்டயே காட்டு.

கணக்கு சார் மேல எனக்கு மரியாதை வந்துடுச்சு. வேண்டாம்னு முகத்துக்கு நேரா சொல்றவருக்கு ஏதோ காரணம் இருக்கும். போய்க் கேளு.

உடம்பைப் பார்த்துக்கோ. உன் அண்ணன் உன்னைச் சாப்பிட்டியான்னு கேட்கச் சொன்னார்.

அண்ணி

பி.கு: எங்க பள்ளியில பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்ட உன் சிலேட்டுக் கதையைச் சொன்னேன். பசங்க பக்கத்துல எட்டிப் பார்த்து எழுதினா என்ன பண்றதுன்னு அவங்க கேட்கறாங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.


அக்டோபர் 8

அன்பே உருவான அண்ணிக்கு,

நலம், நலம், பரம நலம்! அங்கே அனைவரும் நலம்தானே?

நோட்டை மூடிவிட்டேன். கணக்கு சாரிடம் போய், "சார், உங்க வகுப்பை ஒரு நாள் எனக்குக் குடுங்க. நான் நடத்தறேன். நீங்க பின்னாடி உக்காந்து என்னைக் கவனிங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நிஜமாவா?" என்றார். பள்ளி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அறிவியல் டீச்சர் அந்த நேரம் பார்த்து வராந்தாவில் மூன்று தடவை நடந்தார்.

சொதப்பினேன் அண்ணி! தாராளமாகச் சொதப்பினேன். சிலேட்டு கொடுக்கவே பத்து நிமிடம் ஆனது. துடைக்கத் துணி கொண்டுவர மறந்துவிட்டேன். பிள்ளைகள் சட்டையில் துடைத்தார்கள். ஒருவன் விடைக்குப் பதிலாக என் முகத்தை வரைந்து தூக்கினான். நான் நினைத்த ஆறு கணக்கில் இரண்டுதான் முடிந்தது. கணக்கு சார் பின்பெஞ்சில் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்த பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தோம். அப்போதுதான் கேட்டேன்: "சார், இதுல உங்களுக்கு எது கஷ்டம்?"

டம்ளரைப் பெஞ்சு மேல் வைத்தார். பிறகு மெதுவாக, "மேடம், எனக்கு மூணாவது பெஞ்சுக்கு அப்புறம் எழுத்து தெரியறதில்ல. கண்ணாடி மாத்தியும் பிரயோஜனம் இல்ல. நாற்பது சிலேட்டும் தூக்குவாங்க, எனக்கு நாற்பதும் கறுப்பாத்தான் தெரியும். பசங்க முன்னாடி அதை எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் பதினாலு கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு இந்த மனிதரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்திருக்கிறேன்.

வழியையும் அவர்தான் கண்டுபிடித்தார். தூக்க வேண்டாம். பெஞ்சு மேல் சிலேட்டை வைத்தால் போதும். அவர் வரிசைக்கு நடுவே நடந்து குனிந்து பார்ப்பார். இரண்டு வாரமாக அப்படித்தான் நடக்கிறது. நான் இல்லாத நாட்களிலும்! குழாயடிப் பெண்தான் என் உளவாளி, அவள் உறுதி சொன்னாள்.

பக்கத்து வகுப்பு டீச்சருக்குப் பதில்: சிலேட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது. திட்டவும் கூடாது. "தப்பா எழுதின சிலேட்டுதான் எனக்கு வேணும், எங்க சரியாச் சொல்லித் தரலைன்னு அதுதான் காட்டும்" என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் எட்டிப் பார்ப்பது நின்றுவிடும்.

துள்ளிக் குதிக்கும்,
சிட்டு


அக்டோபர் 19

அன்புள்ள சிட்டுவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் அண்ணனுக்குத்தான் ஓயாம தும்மல். நான் சாயங்காலம் வீட்டுக்குள்ள கால் வச்சாப் போதும், ஆரம்பிச்சுடறார். டாக்டர் தூசின்னு சொல்றார்.

கணக்கு சார் கதையை நாலு தடவை படிச்சேன். நல்ல மனுஷன். நீ சொதப்பினதையும் நாலு தடவை படிச்சேன். அது சந்தோஷத்துக்கு.

பக்கத்து வகுப்பு டீச்சர் இன்னும் சிலது கேட்டாங்க. எழுதறேன். ஒண்ணு, ஐந்து எண்ணணும்னு நினைக்கிறாங்களாம், மூணு வந்ததும் வாய் தானாத் திறந்து விடையைச் சொல்லிடுதாம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாயை என்ன தைக்கவா முடியும்? ரெண்டு, முப்பத்தெட்டு பசங்களுக்கும் சிலேட்டு கொடுத்துத் திருப்பி வாங்கறதுக்குள்ள பாதிப் பாடம் போயிடுதாம். மூணு, எல்லாரும் சரியா எழுதிட்டாங்க, ஒருத்தி மட்டும் வெறும் சிலேட்டைத் தூக்கறா. அவளை என்ன பண்றது? திட்டவும் கூடாதுங்கறே, விடவும் மனசு வரலை.

சீக்கிரம் பதில் எழுது. அவங்க அவசரப்படறாங்க.

வெந்நீர் குடி.

அண்ணி


நவம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமும், தும்மல் நின்ற அண்ணனின் நலமும் அறிய ஆவல்.

முதலில் அவசரக்காரருக்குப் பதில். எண்ணும்போது வாயைத் திறக்காமல் இருக்க, எங்கள் மொழி டீச்சர் ஒரு வழி வைத்திருக்கிறார். கேள்வி கேட்டதும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, விழுங்காமல் வைத்துக்கொள்வார்! சிலேட்டு காலையிலிருந்து மாலைவரை பிள்ளைகளிடமே இருக்கட்டும், திருப்பி வாங்க வேண்டாம். வெறும் சிலேட்டைத் தூக்குகிற பெண்ணிடம், "தெரியாதுன்னா ஒரு கேள்விக்குறி போட்டுத் தூக்கு" என்று சொல்லச் சொல்லுங்கள். கேள்விக்குறியும் ஒரு விடைதான்.

இங்கே ஒரு சிக்கல். போன வாரம் எங்கள் மேலதிகாரி பார்வைக்கு வந்தார். கணக்கு சார் வகுப்பில் உட்கார்ந்தார். சிலேட்டு தலைக்கு மேல் போகவில்லை என்று ஏழு கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டார். நான் சும்மா இருக்கவில்லை. "சார், எல்லாப் பிள்ளையும் விடை எழுதினாங்களா? எழுதினாங்க. ஆசிரியர் பார்த்தாரா? பார்த்தார். பார்த்துட்டுத் தன் பாடத்தை மாத்தினாரா? மாத்தினார். சிலேட்டு எவ்வளவு உயரத்துல இருந்தா என்ன?" என்றேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடிவு ஜனவரியில். சரியில்லை என்றால் இந்தப் பள்ளியில் திட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

அதுவரை என்னை வேறோர் ஊருக்கு எட்டு வாரம் அனுப்புகிறார்கள். நான் இல்லாமல் இது தாங்குமா என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. நட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கடைசியாக ஒன்று. பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் இருபத்திரண்டு வருஷமா? அவருக்கும் முப்பத்தெட்டு பிள்ளைகளா? அவர் சாக்பீஸ் தூசிக்கு நம் அண்ணன் ஏன் தும்முகிறார்?

அண்ணி, யார் அந்த டீச்சர்?

கேட்டுவிட்டுக் காத்திருக்கும்,
சிட்டு


டிசம்பர் 18

தங்கை சிட்டுவுக்கு அண்ணன் எழுதுவது.

சாப்பிட்டாயா? தூங்கினாயா? நாங்கள் நலம்.

நீ போட்ட இரண்டு அஞ்சலட்டையும் வந்தன. "கேட்டது தப்பா, மன்னித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். அண்ணி அதை எடுத்து எடுத்துப் படிக்கிறாள், பதில் எழுத உட்காருகிறாள், எழுந்துவிடுகிறாள். அதனால் நானே எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன பள்ளி ஆண்டுக் கடைசியில் ஒரு நாள், அண்ணி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. மறுபடி கேட்டிருக்கிறாள். முப்பது நாற்பது தலையும் குனிந்தே இருந்ததாம். வீட்டுக்கு வந்து, "எனக்கு வயசாயிடுச்சு, என்னால ஆகலை" என்று மட்டும் சொன்னாள். மறு வாரம் தன்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு அலுவலக மேசையில் போடச் சொல்லி மனு எழுதிக் கொடுத்துவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மனுவை மேலே அனுப்பலாமா வேண்டாமா என்று புத்தாண்டுக்குள் அவள் தலைமையாசிரியரிடம் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்கு நடுவே என் வீட்டில் சிலேட்டாக வந்து இறங்கியது. துடைக்கிற துணி வெட்டுகிறேன் என்று என் பழைய வேட்டி ஒன்றையும் காணோம். அவள் நிலைக்கண்ணாடி முன்னால் வாயில் தண்ணீரோடு நிற்பதைப் பார்த்து, பல்வலியோ என்று பயந்துவிட்டேன்.

நடுவில் சந்தோஷமாக இருந்தாள். மூன்று வாரமாக மறுபடி பேச்சில்லை. நீ எதுவும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் கோபித்துக்கொள்ளவும் செய்யாதே.

அண்ணன்


டிசம்பர் 29

அன்புள்ள சிட்டுவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? உன் அண்ணன் உனக்கு எழுதினது எனக்குத் தெரியும். தபால் உறையில ஒட்ட எங்கிட்டயேதான் பசை கேட்டார்.

ஆமாம், நான்தான் அந்த டீச்சர். உன்னைக் கிண்டல் பண்ணிட்டு உங்கிட்டயே எப்படிக் கேட்கறது? வெட்கமா இருந்துச்சு.

ஏன் எழுதலைன்னு சொல்றேன். நவம்பர் கடைசியில பின்னக் கணக்கு நடத்தினேன். அரையும் கால்வாசியும் சேர்ந்தா எவ்வளவுன்னு கேட்டேன். நான் இருபத்திரண்டு வருஷமா ஒரே மாதிரி நடத்தற பாடம், தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். தூக்குன்னேன். முப்பத்தெட்டுல முப்பத்தொண்ணு தப்பு.

சிட்டு, நான் சாக்பீஸைக் கீழே வச்சுட்டேன். பசங்களுக்குப் புரியலைன்னு இல்லை. இத்தனை வருஷமும் நான் நடத்தினப்ப இப்படித்தான் இருந்திருக்குமோ? கை தூக்கின நாலு பேரைப் பார்த்துட்டு, எல்லாருக்கும் புரிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டு, நான் பாட்டுக்கு அடுத்த பக்கம் திருப்பியிருக்கேனே, அந்தப் பசங்க எல்லாம் என்ன ஆனாங்க? அதை நினைச்சுட்டே உக்காந்திருந்தேன். உனக்கு என்னன்னு எழுத?

மூணு வாரம் சிலேட்டைத் தொடலை. அப்புறம் ஒரு நாள் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்களுக்குத் தப்பா வருதுன்னுதான் சிலேட்டு வேண்டாமா? தப்பா எழுதினதுதான் உங்களுக்கு வேணும்னு சொன்னீங்களே?" ன்னான். வகுப்பே என்னைப் பார்த்துச்சு. ஒரு தலைகூடக் குனியலை.

அன்னிக்குச் சாயங்காலம் காகிதப் பட்டை வெட்டினேன். மறுநாள் ஆளுக்கு ஒண்ணு கொடுத்து, மடிச்சு, கிழிச்சு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கச் சொன்னேன். தப்பு பதினொண்ணு ஆச்சு. அடுத்த நாள் நாலு. அந்த நாலு பேரோடயும் மதியம் உக்காந்தேன். இப்ப யாருக்கு எங்க இடிக்குதுன்னு எனக்கு முகம் முகமாத் தெரியுது. முன்னாடி வருஷக் கடைசிப் பரீட்சையிலதான் தெரியும், அப்ப தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

நேத்து தலைமையாசிரியர்கிட்ட போய், "என் மனுவைத் திருப்பிக் குடுங்க சார்"னு கேட்டேன். அவர் மூணு அலமாரியைத் திறந்தார், நாலு ஃபைலைக் கவிழ்த்தார், கிடைக்கலை. கடைசியில, "நீங்க எழுதவே இல்ல, நான் படிக்கவே இல்லன்னு வச்சுக்கலாமா டீச்சர்?" ன்னார். வச்சுக்கிட்டேன்.

உன் பள்ளி என்ன ஆச்சு? நீ பயந்ததுக்கு நான் ஒரு வார்த்தைகூட ஆறுதல் எழுதலையேன்னு இப்பத்தான் உறைக்குது.

உன்,
அண்ணி


ஜனவரி 20

என் அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தைத் தையல் கடைக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். என்னால் இரண்டு இடத்தில் படிக்க முடியவில்லை, அவர்தான் தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஆறுதல் எழுதவில்லை என்கிறீர்கள். அந்தக் கடிதத்தைவிடப் பெரிய ஆறுதல் எது?

இனி இங்கே நடந்தது. வியாழக்கிழமை திரும்பி வந்தேன். வேண்டுமென்றே சத்தம் வராத செருப்பு போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வராந்தாவில் நடந்தேன்.

மொழி டீச்சர் வகுப்பில் வாய் நிறையத் தண்ணீரோடு நின்றார். என்னைப் பார்த்து வணக்கம் சொல்ல முடியாமல் கன்னத்தை ஆட்டினார். அறிவியல் டீச்சர் வகுப்பில் சிலேட்டையே காணோம். போச்சு என்று நினைத்தேன். பார்த்தால், பிள்ளைகள் விரலால் காட்டுகிறார்கள்: ஒரு விரல் என்றால் திடம், இரண்டு என்றால் திரவம், மூன்று என்றால் வாயு. "ஈரத் துணியோட எனக்கு ஒத்துவரலை மேடம், அதான் மாத்திட்டேன்" என்றார் கூசாமல்.

கணக்கு சாரை அவர் வகுப்பில் காணோம். நாலு அறை தள்ளி, வரலாறு வகுப்பின் பின்பெஞ்சில், புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சரோடு உட்கார்ந்திருந்தார்! முன்னால் பாடம் நடத்தியது வரலாறு சார். நான் இல்லாத எட்டு வாரமும் வியாழன்தோறும் ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்காருவது என்று இவர்களே வைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை அதற்காக அட்டவணையில் ஒரு பாடவேளையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். நோட்டு கொண்டுவரக் கூடாது, பார்த்ததைப் பாடம் நடத்தியவரிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்பது விதி. முதல் வாரம் யார் வகுப்பைத் திறந்துவிட்டது தெரியுமா? கணக்கு சார். பிள்ளைகளிடமே, "எனக்குக் கண் சரியாத் தெரியாது, அதனாலதான் நான் நடந்து வர்றேன்" என்று சொல்லிவிட்டாராம். இப்போது பிள்ளைகள் அவருக்காகப் பெரிய பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள்.

நான் வாசலில் நிற்பதைப் பார்த்து அவர் உதட்டில் விரல் வைத்து, "அப்புறம் வாங்க மேடம், இப்ப பாடம் நடக்குது" என்று சைகை காட்டினார்.

பந்துக் கூடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, தனியாக ஒரு பாட்டம் சிரித்தேன். என்னைத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் விரட்டியதில்லை.

மேலதிகாரியின் முடிவும் வந்துவிட்டது. பள்ளி தொடர்கிறது. பதினாலு கட்டத் தாளை மூன்று கேள்வியாகக் குறைத்துவிட்டார், நான் அன்று கேட்ட அதே மூன்று. பாராட்டவில்லை. "உங்கள் தாளில் எழுத்துப்பிழை இருந்தது" என்று மட்டும் குறித்திருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு. அங்கே வருகிறேன். ஒரு நாள் உங்கள் வகுப்பில் உட்காரலாமா? கழுத்து அரிக்கும் என்றால் வேண்டாம்.

அனுமதி வேண்டி,
சிட்டு


ஜனவரி 29

சிட்டு,

சௌக்கியம். வா. வெறுங்கையோட வா. கடைசி பெஞ்சுல ஓரமா உக்காரு, என் பசங்களோட பேச்சுக் கொடுக்காதே. என்னைப் பார்த்துச் சிரிக்காதே, எனக்கும் சிரிப்பு வந்துடும்.

உன் அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவார். நிஜமான பக்கத்து வகுப்பு டீச்சரும் உன்னைப் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. அவங்க பேரை நான் எடுத்துக்கிட்டதை அவங்ககிட்ட சொல்லித் தொலைக்காதே.

அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். அண்ணன் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் பாதியை ரயில் சிநேகிதர்கள் தீர்த்துவிட்டார்கள். நீங்கள் இருவரும் நலமென்று கண்ணாலேயே பார்த்துவிட்டதால் இந்த முறை கேட்கவில்லை.

உங்கள் வகுப்பில் பார்த்ததை அன்றே சொல்லியிருப்பேன். பக்கத்து வகுப்பு டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் இப்போது எழுதுகிறேன்.

முப்பத்தாறை எட்டால் பெருக்கச் சொன்னீர்கள். பிள்ளைகள் போட்டுக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி நின்று கரும்பலகையில் விடையை எழுதிவிட்டீர்கள், இருநூற்று எழுபத்தெட்டு என்று. பிறகு அடுத்த கணக்கையும் எழுதி முடித்து, "தூக்கு" என்றபடி திரும்பினீர்கள். அத்தனை சிலேட்டிலும் இருநூற்று எண்பத்தெட்டு. உங்கள் முகம் போன போக்கு! "என்னடா, நீங்க எல்லாரும் தப்பா, நான் தப்பா?" என்றீர்கள். "நீங்கதான் டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். நீங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரிக்கக் கூடாது என்று நீங்கள் எச்சரித்திருந்த நானும்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அப்போது உங்கள் முதுகு வகுப்பின் பக்கம் இருந்தது.

ஜன்னலோரம், எனக்கு முன் பெஞ்சில், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். முதலிலேயே இருநூற்று எண்பத்தெட்டு என்று எழுதிவிட்டாள். நிமிர்ந்து உங்கள் விடையைப் பார்த்தாள். உடனே தன் விடையை அழித்துவிட்டு, உங்களுடையதை எழுதினாள். எழுதிவிட்டு அதையே உற்றுப் பார்த்தாள். பெஞ்சுக்குக் கீழே விரல் விட்டு மெதுவாக எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஒருமுறை என் பக்கம் திரும்பினாள். நான் எதுவும் காட்டாமல் இருந்தேன். பிறகு உங்கள் விடையை உள்ளங்கையால் அழித்துவிட்டு, தன்னுடையதையே திரும்ப எழுதினாள், சாக்பீஸ் ஒடிகிற அளவுக்கு அழுத்தி.

நீங்கள் "தூக்கு" என்று வாயைத் திறக்கும் முன்பே தூக்கிய சிலேட்டு அவளுடையதுதான்.

என்றும் உங்கள்,
சிட்டு